டையா, நரையா?

கேள்வி: வயது 58. தலை நரைத்துவிட்டது. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. முட்டியும் மக்கர். மகள் கல்யாணத்துக்கு டை அடிக்கலாமா?
- ஒரு வாசகர், மீஞ்சூர்

பதில்: 40-ஐத் தாண்டினாலே கண்ணின் லென்ஸ் விறைக்கத் தொடங்கிவிடும். கை அதற்கு மேல் நீளாது, கண்ணாடி போடுங்கள். முட்டியைத் திட்டாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில், தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 2010-ல் திறந்த ஆலைக்கே அவ்வப்போது சவ்வு மாற்ற வேண்டும். நீங்களோ 58 வருஷமாக அதே முட்டியில் ஓடுகிறீர்கள்!

நரைக்கு வருவோம். கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஔவையார் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினார் என்பது கதை. நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது, அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம்! 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். தியேட்டரில் விசில் பறந்தது. ரஜினி மேடைக்கு வழுக்கையோடுதான் வருகிறார். (நமக்கு விசில் வராது, அது வேறு விஷயம்.)

ஆசை இருந்தால் அடியுங்கள், தப்பில்லை. ஆனால் பல டைகளில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகத்தையே வீங்க வைத்துவிடும். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் முதல் பரிசோதனை வேண்டாம், ஐயா!