ஆழம் தெரிந்தே காலை விட்டவர்கள்

உயர்ரக டிஜிட்டல் ஆடியோக் கருவிகளைச் செய்கிறவர்களையும், அவற்றை வாங்கிக் கேட்கிறவர்களையும் நம்மில் பலர் கேலி பேசுகிறோம். பெரும் பாவம் அது. ஓர் இசைக்குழுவில் டிரம்பெட்காரர் முன்வரிசையிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குப் பதிவு செய்த பொறியாளருக்கே மறந்து போயிருக்கலாம். விலையுயர்ந்த டாக் (DAC) பெட்டி மறப்பதில்லை. ஒன்றும் சுழியுமாக வரும் எண்களை மின்னலையாக மாற்றித் தருவது மட்டும்தான் டாக்கின் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். பாடப்புத்தகத்தின் விலை முந்நூறு ரூபாய். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, அவற்றுக்கும் பின்னால், சுவரையும் தாண்டி ஒரு மேடை விரிந்து கிடப்பதுபோல் தோன்றுகிறதே, அதை இந்த வட்டாரத்தில் சவுண்ட்ஸ்டேஜ் என்பார்கள். இடவலம் யாருக்கும் கேட்கும். முன்பின் கேட்பதற்குத்தான் செவிச்செல்வமும் பொருட்செல்வமும் சேர்ந்தே வேண்டும்.

இந்த மேடைக்குக் கால்கோள் இட்டவர் ஆலன் ப்ளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். தியேட்டரில் படம் பார்க்கும்போது நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் இருக்க, குரல் வேறோர் இடத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1934இல் அபே ரோட் ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் சிம்பொனி ஒத்திகையை ஸ்டீரியோவாகப் பதிந்தும் காட்டினார். இரண்டு மைக்கை எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருப்பதாக அந்த மனிதர் நம்பினார். நம் ஊரிலும் பழைய சினிமாப் பாட்டுக்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஒரே மைக், பாடுகிறவர் கிட்டே, கோரஸ் எட்டே. மோனோவிலேயே கோரஸ் பின்னால் நிற்பது கேட்கும். காலத்தால் முந்திப் பிறந்துவிட்டவர்களை நாம் குறை சொல்லக் கூடாது.

ஒலி தூரத்திலிருந்து வருகிறது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேரே வரும் ஒலி எவ்வளவு, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எவ்வளவு என்ற கணக்கு ஒன்று. முதல் எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பது இன்னொன்று. வெகு தூரம் வரும்போது கூர்மையான அதிர்வுகள் காற்றிலேயே தேய்ந்துபோவதும் உண்டு. மூன்றும் பதிவிலேயே உட்கார்ந்திருக்கின்றன. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று 1980இல் வகுத்த சிடி இலக்கணத்துக்குள் 96 டெசிபெல் ஏற்ற இறக்கம் அடங்கும். மண்டபத்து எதிரொலி தேய்ந்து மறையும் வால்பகுதிக்கும் அதில் தாராளமாக இடமுண்டு. ஆகவே சாதாரணப் பெட்டியும் அதை எடுத்துக் கொடுத்துவிடும் என்று விவரம் தெரியாதவர்கள் வாதாடுவார்கள். ஆப்பிள் நிறுவனம் 9 டாலருக்கு விற்கும், உள்ளே டாக் அடங்கிய சின்ன ஹெட்ஃபோன் டாங்கிளின் இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைவு என்று அளவுக்கருவியை வைத்து நிரூபிக்கவும் செய்வார்கள். அளவுக்கருவிக்கு ரசனை உண்டா?

ஸ்டூடியோப் பாட்டுகளில் இந்தப் பெட்டிகள் செய்யும் அற்புதத்தைத் தனியே சொல்ல வேண்டும். பாடகி நிற்பது நாலு பக்கமும் பஞ்சு அடைத்த அறை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. அவருக்குப் பின்னால் கேட்கும் விசாலமான மண்டபம் பிற்பாடு சேர்த்தது. 1957இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஈஎம்டி 140 என்ற கருவியில் மண்டபம் என்பது சட்டத்தில் தொங்கவிட்ட ஓர் எஃகுத் தகடு. பெட்டியோடு சேர்த்து எடை ஏறக்குறைய 270 கிலோ. 1978இல் லெக்ஸிகான் 224 என்ற டிஜிட்டல் கருவி வந்த பிறகு தகடும் வேண்டியிருக்கவில்லை. மண்டபத்தைச் சிப்புகளே கணக்குப் போட்டுக் கட்டிவிட்டன. அந்தத் தகட்டின், அந்தக் கணக்கின் கடைசி வரிசை நாற்காலிவரை நம் செவிச்செல்வர்களுக்குத் தெரிகிறது. பாடகிக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள காற்றைக்கூட அவர்கள் வர்ணிக்கிறார்கள். இல்லாத மண்டபத்தில் காற்று வாங்குவது எல்லோருக்கும் வாய்க்கிற பேறா?

அடுத்தது கடிகாரம். டாக் ஒவ்வோர் எண்ணையும் துல்லியமான நேரத்தில் வெளியிட வேண்டும். நேரம் துளி தடுமாறினால் அதற்கு ஜிட்டர் என்று பெயர். பயிற்சி பெற்ற காதுகளே சில நூறு நானோ விநாடிக்குக் கீழான தடுமாற்றத்தை இசையில் கண்டுபிடிப்பதில்லை என்று 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்து எழுதினார்கள். இன்றைக்குச் சாதாரண டாக்கே அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே நிற்கிறது. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? ருபீடியம் அணுக்கடிகாரத்தைத் தனிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இங்கிலாந்தின் டிசிஎஸ் நிறுவனத்து விவால்டி வரிசையில் சிடி ஓட்ட ஒரு பெட்டி, எண்களின் எண்ணிக்கையைக் கூட்டும் அப்சாம்ப்ளிங்குக்கு ஒரு பெட்டி, டாக் ஒரு பெட்டி, கடிகாரம் ஒரு பெட்டி என்று நாலு; நாலையும் சேர்த்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். பேச்சு இப்போது பிகோ விநாடிக் கணக்கில் நடக்கிறது. ஒரு பிகோ விநாடியில் ஒலி காற்றில் கடக்கும் தூரம், ஒரு நானோ மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கேட்பவர் மூச்சு விடும்போது தலை ஒரு மில்லி மீட்டர் முன்னால் வந்தால் அது சுமார் 29 லட்சம் பிகோ விநாடி வித்தியாசம். மூச்சை அடக்கிக் கேட்கும் யோகநிலைக்கு வாடிக்கையாளரை உயர்த்துவதுதான் அந்த நிறுவனங்களின் அடுத்த கட்ட இலக்காக இருக்கும்.

கேபிளைச் சொல்லாமல் போனால் பழி வரும். டெனான் நிறுவனம் லேன் கேபிள் போன்ற ஒன்றை 499 டாலருக்கு விற்றது, ஒன்றரை மீட்டர். சிக்னல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதில் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். வழி தெரியாமல் எண்கள் திரும்பி வந்துவிடக் கூடாதே! 2008இல் இணையமே கூடிச் சிரித்தது. சிரித்தவர்கள் இன்றைக்கு ஆடியோவுக்கென்றே தனியாக வரும் நெட்வொர்க் ஸ்விட்சைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் வழியே வரும் கோப்பு மூலக் கோப்பிலிருந்து ஒரு பிட்கூட மாறுவதில்லை. ஆனாலும் மேடை பின்னால் போகிறது. வங்கிக்காரர்கள் இந்த ஸ்விட்சை வாங்கிப் போட்டால் நம் சேமிப்புக் கணக்குக்கும் கொஞ்சம் ஆழம் வரும். ஒலி மேம்படும் என்று 1990 வாக்கில் சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் பூசிய முன்னோடிகளுக்கும் இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

இதையெல்லாம் நேரில் அனுபவிக்க ஷோரூமில் டெமோவுக்குப் போக வேண்டும். குளிர்ந்த அறை, மங்கிய விளக்கு, சுவரெங்கும் ஒலி உறிஞ்சும் பலகை. ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து ஆறடி முன்னால். எதிரே அளந்து போட்ட ஒற்றை நாற்காலி. "சார், இதுவரைக்கும் கேட்டது சாதாரண டாக். இப்ப மாத்தறேன். டிரம்ஸ் ரெண்டடி பின்னாடி போகும், கவனிச்சுப் பாருங்க" என்கிறார் விற்பனையாளர். மாற்றுகிறார். கண்ணை மூடுகிறோம். டிரம்ஸ் சொன்ன சொல் தவறாமல் இரண்டடி பின்னால் போகிறது. கூட வந்த நண்பருக்கு இரண்டரை அடி. புதுப் பெட்டியின் வெளியீடு பழையதைவிட அரை டெசிபெல் கூடுதலாக இருக்கலாம். அந்த அளவு வித்தியாசத்தைக் காது சத்தமாக எடுத்துக்கொள்ளாது, தெளிவாகவும் ஆழமாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் இரண்டையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் கேட்க வைக்கிறார்கள். அப்படிப்பட்ட கருமித்தனம் ஷோரூமில் கிடையாது.

அந்தக் கருமிகளில் மேயர், மொரான் என்ற இருவர் 2007இல் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உயர்தெளிவுப் பதிவு ஒரு பக்கம். அதே பதிவைச் சிடி தரத்துக்கு இறக்கியது இன்னொரு பக்கம். எது எதென்று கேட்டுச் சொல்ல வேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள் கேட்டவர்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்திருக்கும் என்று சிலர் நாக்கில் பல் படாமல் சொல்லிவிடுகிறார்கள். காசுக்கும் இசைக்கும் இத்தனை நெருக்கமான உறவு இருப்பதை வேறு எந்த ஆய்வு எடுத்துக் காட்டியது?

செவித்திறனுக்கு இன்னும் பெரிய சான்று 2022இல் கிடைத்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளைப் பொற்செவிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். டிஜிட்டலின் வாடையே இல்லை, மூல நாடாவிலிருந்து நேரே வெட்டியது, இந்த ஆழம் அனலாக்குக்கு மட்டுமே வரும் என்றார்கள். 2011 முதலே அவற்றில் பலவற்றை டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்துதான் வெட்டினார்கள் என்பது அப்போது வெளியே வந்தது. வழக்கு, நஷ்ட ஈடு எல்லாம் நடந்தது. பதினோரு ஆண்டுகளாக டிஜிட்டலின் முழு ஆழத்தையும் ஒரு குறையும் சொல்லாமல் அனுபவித்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காதுகளின் பெருந்தன்மையை என்னவென்பது! அதே காதுகள்தான் இன்றைக்கு இரண்டு டாக்குகளுக்கு இடையே அரையடி ஆழ வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்கின்றன. நம்பாமல் இருப்பது நன்றிகெட்ட செயல்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்பீக்கர்களைத் தயவுசெய்து மூன்றடி முன்னால் இழுத்து வைக்காதீர்கள். உங்கள் நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமையும்படி போட்டும் பார்க்காதீர்கள். இழுத்து வைத்தால் பின்சுவரின் எதிரொலி ஐந்து மில்லி விநாடிக்கு மேல் பிந்தி வரும். பாடுகிறவருக்குப் பின்னால் மேடை தானாக விரியும். பக்கச்சுவரில் ஒரு கனத்த திரையும் தொங்கினால் யாரும் சொல்லாமலே டிரம்ஸ் இரண்டடி தள்ளிப் போய் உட்காரும். ஸ்பீக்கரை இழுத்து வைக்கச் செலவு ஒரு பைசா இல்லை, வேலை அரை மணி நேரம். அப்புறம் உங்களுக்குப் பெட்டி வாங்கும் ஆசையே விட்டுப்போகும். ஒரு தொழிலின் வயிற்றில் அடிக்காதீர்கள். ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.