காது வைத்தியம்

திருச்செங்கோட்டில் டீசல் வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவோரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் போதும். டீ ஆறுவதற்குள் நாலு பேர் வந்துவிடுவார்கள். இரண்டு பேர் ரிக் வண்டிக்காரர்கள், ஒருவர் லாரி புரோக்கர், நாலாமவர் பால் பாக்கெட் வாங்க வந்தவர். நாலு பேருக்கும் டீசல் எஞ்சின் தெரியும். பால் வாங்க வந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஊர் வாகு அப்படி. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்துதான் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரைக்கும் போகின்றன. ஒரு பக்கம் நாமக்கல், இன்னொரு பக்கம் சங்ககிரி. இரண்டும் லாரி ஊர். இந்த முக்கோணத்துக்குள் எஞ்சின் என்றாலே ஆறு சிலிண்டர்தான். என் காரில் இருப்பது நாலு சிலிண்டர், 1.4 லிட்டர். ரிக் கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டிப் பழகிய எதிர்வீட்டு ரிக் அண்ணன் முதல் தடவை என் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார்.

“மீதி எங்கீங்க?” என்றார்.

வண்டி 2003 மாடல். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் ஓடுகிற வண்டியை விற்றுவிட்டோமே என்று அவர்களே வருத்தத்தில் இருப்பார்கள். வாங்கிய காலத்தில் டீசலுக்கு அரசாங்கம் விலை வைத்துக் காப்பாற்றி வந்தது. பெட்ரோல் கார் வைத்திருந்த என் மச்சானை, பங்க்கில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பேன். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டது. இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் லிட்டருக்கு எட்டொன்பது ரூபாய்தான். அந்த மிச்சத்தை வாங்கி டப்பாவில் போட்டுவைத்து, வருடம் ஒரு தடவை மெக்கானிக்கிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன். மச்சான் இப்போது என்னை அதே இரக்கத்தோடு பார்க்கிறார்.

டீசல் எஞ்சினின் சூத்திரம் எளிது. ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதன்மேல் டீசலைப் பூமாரியாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1897-ல் இதை ஓட்டிக் காட்டியபோது, எரித்த எண்ணெயின் சக்தியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கு வேலையாகத் திரும்பி வந்தது. அன்றைய நீராவி எஞ்சின்கள் இதற்குக் கிட்டேகூட வரவில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டினார்கள். இதை ரிக் அண்ணனிடம் சொன்னேன். “கடலெண்ணெய் விக்கிற வெலைக்கு வண்டிய நிறுத்திட்டு வடை சுட்டுக்கலாங்க” என்றார்.

ஆக, இந்த எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: நெருக்கம், காற்று, டீசல். நோய் வந்தால் இந்த மூன்றில் ஒன்றில்தான் வர வேண்டும். ஆனால் மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் ஊரே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. காரணம், எங்கள் ஊரில் டீசலுக்குக் காது வைத்தியம்தான் நடக்கிறது. சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். சொல்வதில் ஒரு நியதி உண்டு: அவரவர் காதுக்கு அவரவர் விற்கும் சாமான்தான் கேட்கும்.

போன மார்கழியில் வண்டிக்குக் காலை நோய் வந்தது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஐந்தாறு நொடி ஓடும். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்றுவிடும். அதற்கப்புறம் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் கோலம் போடுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு தடவை பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

பேட்டரிக் கடைக்காரர் கேட்டார். “பேட்டரி இழுக்கலைங்க, சவுண்டுலயே தெரியுது.” புது பேட்டரி போட்டோம். புது பேட்டரியில் செல்ஃப் இன்னும் வேகமாகச் சுற்றியது. கோலம் போடுகிறவர்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. அடுத்து எலக்ட்ரீஷியன். ஹீட்டர் பிளக் நாலும் போய்விட்டது என்றார். இந்த மாதிரிப் பழைய எஞ்சினுக்குக் குளிரில் ஹீட்டர் பிளக் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹீட்டர் பிளக் போன வண்டி முதலில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டு அப்புறம் நிற்காது. இதை நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நாலு பிளக்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன். லாரி புரோக்கர் மட்டும் பெருந்தன்மையாக, “ரிங் போயிருச்சுங்க, எஞ்சினைக் கீழ எறக்கிப் பாத்துரலாம்” என்றார். எஞ்சினைக் கீழே இறக்குவது என்பது இங்கே முதலுதவி.

கடைசியாகப் போனது பம்ப் சர்வீஸ் பட்டறைக்கு. டீசல் பம்ப்பும் நாசிலும் மட்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ஜாதி. மற்ற பட்டறையில் கிரீஸும் டீயும் ஒரே மேஜையில் இருக்கும். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். நாசில் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் வருகிற இரண்டு மூன்று பங்குதான். ஒரு தூசி போதும், காரியம் கெட்டுவிடும். பம்ப்காரர் சத்தத்தைக் கேட்கவே இல்லை. நான் செல்ஃப் அடித்துக் காட்டுகிறேன் என்றதற்கு, “வேண்டாங்க, நேத்து நீங்க ரோட்ல அடிச்சப்பவே கேட்டுட்டேன். மெடிக்கல்ல ஒரு டிரிப்ஸ் டியூப் வாங்கிட்டு வாங்க” என்றார்.

மருந்துக் கடையில் அம்மா ஒருவர் டியூபை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “யாருக்குங்க முடியல?” என்று கேட்டார். கார் என்றேன். ஊசியும் வேண்டுமா என்று கேட்டாரே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை. திருச்செங்கோடு.

டீசல் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ரப்பர் பைப்பைக் கழற்றி, அந்த டியூபை மாட்டினார். “ரெண்டு நாளைக்குத் தாங்கும். அப்புறம் டீசல் பட்டு வெறச்சுக்கும்” என்றார். மறுநாள் காலை, ஸ்டார்ட் ஆன ஐந்தாவது நொடியில் டியூபுக்குள் குமிழ் குமிழாகக் காற்று ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். சிலிண்டருக்குள் காற்று இல்லாவிட்டால் எஞ்சின் சாகும். டீசல் பைப்புக்குள் காற்று இருந்தால் எஞ்சின் சாகும். இதைத்தான் ஏர் பிடிக்கிறது என்பது. நாசில் தலைகளை இணைத்துக்கொண்டு, மிச்ச டீசலைத் திரும்ப டேங்க்குக்கு அனுப்பும் சின்ன ரிட்டர்ன் பைப் ஒன்று உண்டு. நூல் சுற்றிய ரப்பர் பைப். அது வெடித்திருந்தது. ராத்திரி முழுக்க அதன் வழியாகக் காற்று புக, பம்ப்பில் நின்ற டீசல் மெதுவாகப் பின்னால் இறங்கி டேங்க்குக்கே போய்விட்டது. காலையில் பம்ப்புக்குள் மிச்சமிருந்த ஐந்து நொடி டீசல்தான் அந்த முதல் ஓட்டம். புதுப் பைப்பின் விலை ஒரு டீ, ஒரு பஜ்ஜி.

சாயங்காலம் தெருவில் காது வைத்தியர்கள் மூவரும் நின்றிருந்தார்கள். “அன்னைக்கே சொன்னனுங்களே, ஏர்னு” என்றார் பேட்டரிக் கடைக்காரர். மற்ற இருவரும் ஆமோதித்தார்கள்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவனுக்கு வரும் இன்னொரு தொல்லை, ஆயில் பார்க்கிறவர்கள். டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, முகத்தைச் சுளித்து, “ஆயில் கறுத்துப்போச்சே!” என்பார்கள். முந்தாநாள்தான் மாற்றியிருப்பேன். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது கெட்டுப்போவதல்ல. எரிந்ததில் வரும் கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதற்குத்தான் அதில் மருந்தே சேர்க்கிறார்கள். கறுக்காத ஆயில்தான் வேலை செய்யாத ஆயில். இதைப் பலரிடம் விளக்கியிருக்கிறேன். எல்லோரும் கவனமாகக் கேட்டுவிட்டு, “இருந்தாலும் மாத்திருங்க” என்கிறார்கள். அடுத்தது டூ-டி ஆயில் கோஷ்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 டீசல் வந்து கந்தகம் பத்து பிபிஎம்மாகக் குறைந்ததிலிருந்து டீசல் ‘வறண்டு’ போய்விட்டதாம், பம்ப் தேய்ந்துவிடுமாம், டேங்க்கில் ஸ்கூட்டர் ஆயிலைக் கொஞ்சம் ஊற்ற வேண்டுமாம். கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பு குறைவது உண்மை. அதனால்தான் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கு மருந்து சேர்த்து அனுப்புகிறார்கள். நான் ஊற்றுவதில்லை. ஆனால் நான் ஊருக்குப் போயிருக்கும்போது மச்சான் ஊற்றுகிறார் என்று சந்தேகம்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை: டைமிங் பெல்ட். காரணம் அது சத்தம் போடாது. சங்கிலியாவது தேய்ந்தால் கலகலக்கும். ரப்பர் பெல்ட் அறுந்து போகிற நிமிடம் வரைக்கும் வாயைத் திறக்காது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, லாரி புரோக்கர் ஆசைப்பட்டபடி எஞ்சின் கீழே இறங்கும். சீட் கவருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் செலவழிக்கிறவர்கள், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே அந்தக் காசில் பெல்ட்டை மாற்றிவிடுவது நல்லது. இதில் எனக்கு நகைச்சுவை கிடையாது.

காகித வைத்தியம் தனி. பதினைந்து வருடம் முடிந்ததும் 2018-ல் ஒருமுறை, பிறகு 2023-ல் ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாயிற்று. டெல்லியாக இருந்தால் கதையே வேறு. பத்து வயது தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இங்கே ஓடலாம், பசுமை வரி கட்ட வேண்டும். பின்னால் கறுப்பு, ரசீதில் பச்சை.

அப்புறம் புகைப் பரிசோதனை. சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கச் சொல்வார்கள்; ஒரு தடவை அல்ல, பல தடவை. பிஎஸ்-4-க்கு முந்தைய வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65-ஐத் தாண்டக் கூடாது. வீட்டில் யாரும் அந்த எஞ்சினை அவ்வளவு மிதித்திருக்க மாட்டோம். அந்தப் பெல்ட்டை நினைத்துக்கொண்டே மிதிப்பேன். ரிக் அண்ணனிடம் இதற்கு ஒரு பத்தியம் உண்டு. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, பரிசோதனைக்கு முன்னால் சங்ககிரி வரைக்கும் மூன்றாவது கியரிலேயே விரட்டிக்கொண்டு போய்விட்டு வர வேண்டும். பலிக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சைலன்சரில் படிந்திருந்த கரியெல்லாம் வெளியே போய்விடுகிறது. அதாவது, பரிசோதனைக்குப் போக வேண்டிய புகையைச் சங்ககிரி ரோட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சுத்தமாகப் போய் நிற்கிறோம். சான்றிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லும். சங்ககிரி ரோட்டுக்காரர்களுக்கும் ஆறு மாதம் விடுமுறை.

இந்த ஆவணியில் சேலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நானும் வீட்டுக்காரியும் ரிக் அண்ணன் குடும்பமும் ஒரே வண்டியில் கிளம்பினோம். சங்ககிரி தாண்டியதும் விளக்கணைத்த மாதிரி எஞ்சின் நின்றது. நல்லவேளை, லாரிகள் நிற்கும் இடம், பட்டறையும் இருந்தது. அந்த மெக்கானிக் பம்ப்பின் தலையில் இருக்கும் சோலனாய்டைத் தொட்டுப் பார்த்து, “காயில் எரிஞ்சுபோச்சுங்க” என்றார். சாவி போட்டதும் கரண்ட் வாங்கி டீசல் வாசலைத் திறப்பதும், சாவியை எடுத்ததும் மூடுவதும் அதன் வேலை. காயில் போனதால் மூடிய வாசல் மூடியபடியே நின்றுவிட்டது. புதுசு வாங்க நாளைக்குத்தான் முடியும். அவர் அதைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னப் பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் எடுத்து ஒரு தாளில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். கூட்டை மட்டும் திரும்ப மாட்டினார். ஒரே செல்ஃப். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“இனி நிக்காதுங்க” என்றார்.

சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். ரிக் அண்ணன் பின்சீட்டில் சிரித்தார். எதற்கென்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மண்டப வாசலில் வண்டி நிறுத்தித் தரும் பையன் சல்யூட் அடித்தான். சாவியைத் திருப்பி எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சாவியைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பின்னால் ஆறு கார் ஹாரன் அடித்தது. ஒன்றும் பேசாமல் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போய் நேராகப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். இலையில் ஜாங்கிரி விழுந்து, பிரியாணிக்கு வெங்காயம் வருகிற நேரத்தில் பையன் வந்தான். வியர்த்திருந்தது.

“சார், சாவிய எடுத்துட்டேன். பேட்டரி ஒயரக்கூடக் கழட்டிட்டேன். வண்டி நிக்க மாட்டேங்குது சார்.”

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். ரிக் அண்ணன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“டேங்க்ல எவ்ளோ இருக்குதுங்க?”

“பாதிக்கு மேல இருக்கும்.”

அண்ணன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டார். சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் கூடப் பிடிக்காது.

“டாப் கியரப் போட்டு, பிரேக்க மிதிச்சுட்டு கிளட்ச்ச விட்டா ஒரு குலுக்கு குலுக்கி நின்னுரும் தம்பி. சாப்ட்டு வந்து நானே பண்றேன்” என்று பையனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “அவசரமில்லீங்க. நாளைக்கு முகூர்த்தம் வரைக்கும் தாங்கும். ரசம் வாங்குங்க.”