சமநிலை கண்ணில் படவில்லையா? பயிற்சி மருத்துவர்களுக்குச் சில யோசனைகள்

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவர்களிலும் பதவியில் இருப்பவர்களிலும் ஆணும் பெண்ணும் சரிசமமா என்று ஹவுஸ் சர்ஜனிடமோ பிஜி (முதுநிலை) மாணவரிடமோ யாராவது கேட்டால், ‘ஆமாம் சார்’ என்பதே உடம்புக்கு நல்லது. லாக் புக்கில் கையெழுத்துப் போடப்போவது சீஃப். ஆனால் மனதார நம்பிச் சொன்னால்தான் குரல் பிசிறாது. அதற்கான வழிகள் இவை.

1. எண்ணும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி துறைகளில் தொடங்குங்கள். அங்கிருந்து நேராக மகப்பேறு வார்டு. குழந்தைகள் பிரிவையும் சேர்த்தால் கணக்கு இன்னும் அழகாகும். ஆர்த்தோ, நியூரோ சர்ஜரி பக்கம் அன்று போக வேண்டாம். டீன் அறைக்குப் போகும் வழியில் முன்னாள் டீன்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தால், செல்போனைப் பார்த்தபடியே நடந்துவிடுங்கள்.

2. தலையை எண்ணுங்கள், நாற்காலியை எண்ணாதீர்கள்

நேற்று சேர்ந்த அசிஸ்டென்ட் ப்ரொஃபசரும் ஒரு தலை, டீனும் ஒரு தலை. மேலே போகப் போக மேடம்கள் ஏன் குறைகிறார்கள் என்று ஆராயாதீர்கள். பதவி உயர்வு பல நேரம் வேறு மாவட்டத்து மாறுதலோடு சேர்ந்தே வரும். பிள்ளைக்குப் பிளஸ் டூ, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று மேடம் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ‘அவங்களுக்குப் பதவி ஆசையே கிடையாது’ என்று மனமாரப் பாராட்டுங்கள்.

3. முன்னோடிகளைத் துணைக்கு அழையுங்கள்

யாராவது முறைத்தால், முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியதைச் சொல்லுங்கள். 1954-இல் அவர் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அதை வளர்த்த டாக்டர் சாந்தா, 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் என்று அடுக்குங்கள். ‘அப்படியானால் தலைமைப் பதவி வேண்டும் என்கிற பெண் ஆஸ்பத்திரியையும் தானே கட்டிக்கொள்ள வேண்டுமா?’ என்று குதர்க்கம் பேசினால், டெல்லி எய்ம்ஸுக்குத் தாவுங்கள். முதல் பெண் இயக்குநர் ஸ்நேஹ் பார்கவா பொறுப்பேற்றது 1984-இல். எய்ம்ஸ் தொடங்கியது 1956-இல் என்பதை மட்டும் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

4. ‘சிஸ்டர்’ என்றால் சிரித்துவிடுங்கள்

இரவு டியூட்டியில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கும் பெண் பிஜியை நோயாளியின் உறவினர் ‘சிஸ்டர்’ என்பார். அவர் பக்கத்தில் நிற்கும் ஆண் நர்ஸை ‘டாக்டர் சார்’ என்பார். படிக்காத ஜனங்கள் என்று தள்ளிவிடுங்கள். 2017-இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு யார் கையிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்படி, மருத்துவக் கருத்தரங்குகளில் ஆண் மருத்துவர்கள் சக ஆண் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது சுமார் 72 சதவீதம் ‘டாக்டர்’ என்றார்களாம். பெண் பேச்சாளர் என்றால் அது 49 சதவீதம். அத்தனை பேரும் மெத்தப் படித்தவர்கள்.

5. அறிவுரையைத் தாராளமாக வழங்குங்கள்

ஜூனியர் பெண் சர்ஜரி எடுக்கப் போகிறேன் என்றால் முதல் கேள்வி, ‘கல்யாணம் எப்போ?’ அடுத்தது, ‘ஸ்கின் எடும்மா. ஓபி முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்.’ சர்ஜரியில் அவள் யாரைப் பார்த்து நம்பிக்கை கொள்வாள் என்பது உங்கள் கவலை அல்ல. பத்து வருடம் கழித்து அதே துறையின் மீட்டிங்கில் எழுந்து, ‘பொண்ணுங்க இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குறாங்க’ என்று வருத்தப்பட மறக்காதீர்கள்.

6. மாநாட்டு மேடையை நிரப்புங்கள்

குத்துவிளக்கு ஏற்ற, நிகழ்ச்சியைத் தொகுக்க, பொக்கே நீட்ட, நன்றியுரை சொல்ல மேடம்கள் வேண்டும். நடுவில் பேசப்போகிறவர்கள் சார்களாகவே இருக்கட்டும். குரூப் போட்டோவில் எல்லோரும் கலந்துதான் தெரிவார்கள்.

7. கடைசியில் சர்வே எடுங்கள்

இத்தனைக்குப் பிறகும் முணுமுணுப்பு நிற்கவில்லையா? பயிற்சி மருத்துவர்களிடமே கருத்துக் கேளுங்கள். ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு, சீஃப் நிற்கும்போதே படிவத்தைக் கொடுங்கள். பெயரும் பதிவு எண்ணும் கட்டாயம். அப்படியும் பையன்கள் ‘எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது’ என்றும், பெண்கள் ‘எங்கே இருக்கிறது?’ என்றும் எழுதித் தொலைத்தால் பதறாதீர்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுங்கள். ‘ஓரளவு சமநிலை’ என்று வரும். அதை ஆண்டறிக்கையில் போட்டுவிடலாம்.