நூற்றுவர் தலைவனுக்கு ஒரு தோள்

எங்கள் வீட்டில் ஒரு ரோமானியச் சிப்பாய் தங்கியிருக்கிறான். ஆள் இல்லை, உடுப்பு மட்டும்தான். ஆனால் உடுப்பே 9 கிலோ என்றால் அதை ஆள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் ஏறாததுதான் பாக்கி.

மன்னவனூரில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இரும்பை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மலைமேல் மலையாக வந்து சேர்கிற சுற்றுலாக்காரர்கள், “மேகம் வீட்டுக்குள்ளயே வருமாமே!” என்று வாயைப் பிளப்பார்கள். வரும். செருப்பைக்கூடக் கழற்றாமல் வரும். வந்து கூடத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துவிட்டு, பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி நமத்துப்போகும். உப்பு கூழாகும். புது அரிவாள் வாங்கி ஒரு மழைக்காலம் பரணில் போட்டால், கல்யாணத்துக்கு மருதாணி வைத்ததுபோல் சிவந்திருக்கும். இப்படிப்பட்ட ஊருக்குத்தான் என் மச்சினன் இரும்புக் கவசம் கொண்டுவந்தான்.

தப்பு என் பேரில்தான். என் மனைவியின் ஊர் திண்டுக்கல் பக்கம். அந்தப் பகுதியில் பல கத்தோலிக்க ஊர்களில் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா போடுவார்கள். இயேசுவின் பாடுகளை ராத்திரி முழுக்க நடிக்கிற நாடகம். கல்யாணமான வருஷமே என் உயரத்தைப் பார்த்துச் சிப்பாய் வேஷம் கொடுத்துவிட்டார்கள். மார்பில் ஜிகினா ஒட்டிய அட்டை, தலையில் வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் சட்டி, அதன் உச்சியில் சிவப்புச் சாயம் தோய்த்த பூந்துடைப்பம். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. மழை தூறினால் ரோமப் பேரரசு சுருண்டுவிடும். கையால் நீவி நீவி நிமிர்த்த வேண்டும். பன்னிரண்டாம் வருஷம் என்னை நூற்றுவர் தலைவனாக உயர்த்தினார்கள். நூறு பேர் கிடையாது, என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஆனாலும் பதவி பதவிதானே.

மச்சினன் ராணுவத்தில் இருக்கிறான். அப்போது மீரட்டில் வேலை. அந்த ஊரிலும் டேராடூனிலும் ஒரு விநோதமான தொழில் நடக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமையானால் ரோமானியர் வேஷம் போட்டு அணிவகுக்கிறவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் எர்மின் தெருக் காவலர் என்று ஒரு கூட்டம் 1972-லிருந்து இதே வேலையாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வாங்கிப் போடுகிற கவசங்களில் பெரும்பங்கு நம் வடநாட்டுப் பட்டறைகளில் தட்டியது. டேராடூன் விண்ட்லாஸ் கம்பெனி 1943-இல் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரிக் கத்தி செய்து தொடங்கி, பிறகு ரோமானியத் தலைக்கவசம் வரைக்கும் வந்தது. ரோமாபுரிப் படையே இப்போது உத்தராகண்டில்தான் ஆயுதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் ஆணி கோணலாக அடித்ததால் கழித்துப்போட்ட கவசம் ஒன்றை, தலைக்கவசத்தோடு சேர்த்து, மச்சினன் மலிவாகப் பிடித்து, ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். “மாமா, இனிமே அட்டை கட்டாதீங்க. எங்க கேம்ப்ல சொன்னா எனக்குத்தான் அசிங்கம்” என்றான்.

பட்டை பட்டையாக இரும்புத் தகடு. இடுப்பைச் சுற்றி வளையங்கள், தோளின்மேல் ஓடு ஓடாகக் கவிழ்ந்த பட்டைகள், உள்ளே தோல்வார், வெளியே பித்தளைக் கீலும் கொக்கியும். இதற்கு ‘லோரிக்கா செக்மெண்டாட்டா’ என்று பெயர். பெயர் ரோமானியர் வைத்ததில்லை, பதினாறாம் நூற்றாண்டு அறிஞர்கள் வைத்தது. ரோமில் நிற்கும் டிராஜன் தூணில் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் இதைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிலாத்துவின் கீழ் யூதேயாவில் இருந்தவர்கள் துணைப்படைக்காரர்கள். அவர்கள் சங்கிலி வளையக் கவசம் போட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை நான் பாஸ்கா ஒத்திகையில் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். “இத்தனை வருஷமா சட்டி போட்டிருந்தீங்களே, அது எந்தப் படை?” என்று யூதாஸ் கேட்டார். அதோடு வரலாற்றை மூட்டை கட்டிவிட்டேன்.

முதல் நாள் கவசத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஆணி நின்றது, சுவர் நிற்கவில்லை. கையகலக் காரையோடு கீழே வந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் சாய, நூற்றுவர் தலைவன் மூன்று நாள் ஈசிசேரில் படுத்த தாசில்தார் மாதிரி கிடந்தான். தோள்பட்டைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று நசுங்கி, தோல்வார் மடிந்துவிட்டது. இந்தக் கவசத்தின் ரகசியமே அதுதான்: தகடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுக்கொன்று நேர்ப்பிடிப்பு கிடையாது, வாரில்தான் தொங்குகின்றன. தோள் இருந்தால்தான் அது உடுப்பு. இல்லையென்றால் காயலான் கடைக்குப் போடுகிற தகர மூட்டை.

அப்போதுதான் என் மாமியார் ஒரு யோசனை சொன்னார். “மாப்பிள்ளை, பூண்டு தொங்கவிடுற பரண்ல மாட்டிருங்க. புகையில ஈரமே ஏறாது.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் மலையில் பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டுக் காயவைப்போம். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் சும்மாவா? ஒரு மாதம் கழித்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். சொன்னபடி இரும்பில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை. ஆனால் பித்தளை அத்தனையும் அடுப்புக்கரி நிறம். பூண்டில் இருக்கிற கந்தகம் பித்தளையில் உள்ள செம்பைப் பிடித்துக் கறுக்க வைத்துவிட்டது. வாசனையைச் சொல்லவே வேண்டாம். ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞர் பூண்டைச் சபித்து ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அவர் என் பக்கத்தில் நின்று நடித்திருந்தால் காவியமே எழுதியிருப்பார்.

கறுத்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல், நான் தோட்டத்துக்குப் போன நேரம் மாமியார் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, முற்றத்தில் கவிழ்த்துவிட்டார். பித்தளை தங்கமாக ஜொலித்தது. சாயங்காலம் மேகம் வந்தது. காலையில் பித்தளை தவிர மற்றதெல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது. மாமியாரைக் குறை சொல்ல முடியுமா? இரண்டாயிரம் வருஷத்தில் ஒரு ரோமானியக் கவசத்துக்குப் புளி போட்டு விளக்கிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். சரித்திரத்தில் இடம்பிடித்தவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

துருவைச் சுரண்டி எடுத்த பிறகு பூசுவதற்கு எண்ணெய் தேடினேன். தேங்காயெண்ணெய் இந்தக் குளிரில் உறைந்து வெள்ளைத் திட்டாக நின்றது. வழி ஊரிலேயே இருந்தது. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965-லிருந்து எங்கள் ஊரில் இருக்கிறது. நாங்கள் ஆட்டுப்பண்ணை என்போம். ஆட்டின் தோலில் ஒரு மெழுகுக் கொழுப்பு சுரந்து கம்பளியில் படியும். மழையில் நனைந்தாலும் ஆட்டின் தோல் வரைக்கும் ஈரம் போகாமல் காப்பது அதுதான். லேனோலின் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். வெளிநாட்டில் கவசக்காரர்கள் பலர் துருவுக்கு அதைத்தான் தடவுகிறார்கள். நமக்கு எதற்கு டப்பா? ஆடு வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் கழுவாத கம்பளி இரண்டு பிடி வாங்கி, வெயில் அடித்த ஒரு மத்தியானம் அழுத்தித் தேய்த்தேன். கை பிசுபிசுத்தது, தகடு மினுமினுத்தது. ரோமானியனுக்கு ரோமம் மருந்து! பூண்டு வாசனை போய்க் கிடாய் வாசனை வந்தது. என் மனைவி, “நீங்க எதுக்கும் திண்ணையிலயே இருங்க” என்றாள். என்னையா கவசத்தையா என்று கேட்கவில்லை.

இனி ஸ்டாண்ட் செய்யாமல் முடியாது என்று நானே உளி எடுத்தேன். கேரட் கொல்லையில் நிற்கிற காவல் பொம்மைதான் மாதிரி: நெட்டுக்குத்தாக ஒரு கம்பு, குறுக்கே ஒரு கம்பு, கீழே பலகை. யூக்கலிப்டஸ் கட்டை சும்மா கிடந்தது. ஒரு வாரம் கம்பீரமாக நின்றது. எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் பேரிரைச்சல். இந்தப் பக்கத்தில் அந்த நேரத்தில் அப்படிச் சத்தம் வந்தால் ஒரே அர்த்தம், காட்டுமாடு. மனைவி கதவைத் தாழிட்டாள். மாமியார் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டார். நான் டார்ச்சோடு எட்டிப் பார்த்தேன். காட்டுமாடு இல்லை. நூற்றுவர் தலைவன் குப்புறக் கிடந்தான். தலைக்கவசம் மட்டும் உருண்டு அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தது.

காலையில் ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து சிதறியதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“யூக்கலிப்டஸா? பச்சைக் கட்டை வேற. முறுக்காம என்ன செய்யும்? சரி, இது எந்தச் சாமிக்கு?”

“சாமிக்கு இல்லண்ணே. சாமியைச் சிலுவையில அடிச்ச பார்ட்டிக்கு.”

ஒரு நிமிஷம் யோசித்தார். “அவனுக்கு நாம ஏன் செய்யணும்?” நியாயமான கேள்வி. டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

பிறகு அவர் செய்த வேலையைக் கூட இருந்து பார்த்தேன். கவசத்தை அளக்கவில்லை. என்னைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்லி, தையற்காரர் மாதிரி டேப் வைத்துத் தோளுக்குத் தோள் அளந்தார். கழுத்திலிருந்து தோள்முனைவரை ஒரு ரீப்பர் கட்டையை என் உடம்பின்மேலேயே சாய்த்துப் பிடித்து, பென்சிலால் சரிவைக் குறித்தார். “குறுக்குக் கம்பு நேரா இருந்தா எடை பூரா ரெண்டு முனையிலதான் நிக்கும். மனுசன் தோள் அப்படியா இருக்கு? ஓட்டுக் கூரை மாதிரி சரிஞ்சுல்ல இருக்கு!” தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலின் சட்டங்களை இழைத்து, இரண்டு சரிவுத் தோள் செய்து, நடுக்கம்பில் துளை போட்டு முளை இறக்கினார். ஆணியே இல்லை. தோளின்மேல் பழைய கம்பளியை மடித்துச் சுற்றினார். ரோமானியரும் கவசத்துக்குள் தடித்த உட்சட்டை போட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? “உறுத்தும்ல?” என்றார், அவ்வளவுதான். தலைக்கவசத்துக்கு உச்சியில் ஒரு சுரைக்குடுக்கை. அடியில் கூட்டல்குறி மாதிரி இரண்டு சட்டம், அதன்மேல் செருப்பும் வாளும் வைக்க ஒரு பெட்டி. சாயாமல் இருக்க, மிக்ஸி வந்த நாள்முதல் கொல்லையில் கிடந்த அம்மிக்கல் பெட்டிக்குள். கவசத்தின் வயிற்றுக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு. அந்தச் சூட்டில் மேகம் கிட்டே வராது.

கவசம் ஏறி உட்கார்ந்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். என் தோள், என் உயரம், தலைக்கு மேல் சிவப்புக் கொண்டை. ‘முல்லைப்பாட்டு’ எழுதிய நப்பூதனார், அரசனின் பாசறையைக் காத்து நின்ற யவனர்களை, அதாவது கிரேக்க, ரோமானிய ஆட்களைச் சொல்கிறார். அவர்கள் போட்டிருந்த சட்டைக்கு அவர் வைத்த பெயர் மெய்ப்பை. உடம்புக்கு ஒரு பை! அந்தக் காலத் தமிழனுக்கு யவனன் பைக்குள் புகுந்த ஆளாகத் தெரிந்திருக்கிறான். ரோமானியப் பொற்காசு இந்த மலைக்கு அடியில் பழனிக்குப் பக்கத்துக் கலையம்புத்தூர் வரைக்கும் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணிலிருந்து கிடைத்தது. காசு அடிவாரத்தோடு நின்றுவிட்டது. பை மட்டும் இப்போதுதான் மலை ஏறியிருக்கிறது.

அந்த வருஷம் பாஸ்காவுக்குக் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். திண்டுக்கல் ஏப்ரல் வெயிலில் அந்த இரும்பைப் பற்றி எழுதினால் கண்ணீர் வரும், விடுங்கள். கல்லறைக் காட்சியில் மயங்கி விழ வேண்டிய காவலாளிகளுக்கு முன்னாலேயே நான் விழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் மலையேறி வீட்டுக்கு வந்தால், ஸ்டாண்டில் இடமில்லை. சுரைக்குடுக்கையில் மாமியாரின் மங்கி குல்லா. வலது தோளில் நனைந்த ஸ்வெட்டர், இடது தோளில் பள்ளிக்கூடச் சீருடை. பல்பின் மேல் நாலு ஜோடி சாக்ஸ். அம்மிக்கல்லை எடுத்து மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகு அரைத்திருந்தார்கள்; அந்த இடத்தில் ஒரு பூண்டு மூட்டை உட்கார்ந்திருந்தது.

“இந்த ஊர்ல துணி காய இதுமாதிரி ஒண்ணு இத்தனை வருஷமா இல்லாமப் போச்சே” என்று மாமியார் உருகினார். “கையெடுத்துக் கும்பிடணும் மாப்பிள்ளை உங்கள.”

“அப்ப கவசம்?”

“ட்ரங்க் பெட்டி இருக்கே.”

இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் கார்பிரிட்ஜ் என்ற ஊரில் 1964-இல் தோண்டியபோது ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே இதே ரகக் கவசத்தின் துண்டுகள்; கூடவே ஈட்டிமுனை, ஆணி, தட்டுமுட்டுச் சாமான், பாபிரஸ் துணுக்கு என்று கண்டதெல்லாம் அடைத்து, துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இந்தக் கவசம் எப்படிக் கோக்கப்பட்டது என்று ரஸ்ஸல் ராபின்சன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததே அந்தப் பெட்டியை வைத்துத்தான். யார் அடைத்தார்கள், ஏன் புதைத்தார்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சிப்பாய் வீட்டிலும் ஈரத்துணி இருந்திருக்கும்.

பெட்டியில் போட மனம் வரவில்லை. சாக்ஸ் காயும்வரை தரையிலும் வைக்க முடியாது, ஈரம். எனவே போட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் மேகத்துக்குள்ளிருந்து வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்தார், கையில் இருந்த கருவியில் அழுத்தினார், ஜன்னல் வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

“சார், யூனிட் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அந்தக் குல்லா போட்ட ஆள் கிட்டச் சொல்லி பல்பை அணைக்கச் சொல்லுங்க.”