தப்பிலே பிறந்த சரி

காலையிலிருந்து எத்தனை ‘ஓகே’ சொல்லியிருப்பீர்கள்? ‘வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி’ என்ற மனைவிக்கு ஒன்று, மேனேஜருக்கு நாலு, காதில் வாங்காமலே ஃபோனில் உதிர்த்தவை தனி. அந்த வார்த்தையின் ஜாதகத்தைப் புரட்டினால், தகப்பனார் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்!

1839. அமெரிக்காவின் பாஸ்டன். அங்கத்திய பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. வார்த்தையை வேண்டுமென்றே தப்பாக எழுதுவது, பிறகு அந்தத் தப்புக்கு முதலெழுத்துச் சுருக்கம் வேறு போடுவது. ‘நோ யூஸ்’ என்பது கே.ஒய்.! இன்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அடிக்கும் அதே கூத்துதான். என்ன, இவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு அடித்தார்கள்.

மார்ச் 23 அன்று, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன், பக்கத்து ஊர்ப் பத்திரிகை ஒன்றைச் சீண்டி ஒரு துணுக்கு எழுதினார். அதில் ‘ஆல் கரெக்ட்’டை ஓ.கே. ஆக்கிவிட்டார். ஏ-க்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே. இரண்டே எழுத்து, இரண்டும் தப்பு; அர்த்தம் மட்டும் ‘எல்லாம் சரி’!

கூடப் பிறந்த ஜோக்குகளெல்லாம் செத்துப்போக, இதை மட்டும் ஓர் அரசியல்வாதி காப்பாற்றினார். அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன்: டிப்டாப் உடை, காதோரம் புஸுபுஸுவென்று கிருதா. சொந்த ஊர் கிண்டர்ஹுக். 1840 தேர்தலில் தொண்டர்கள் அவரை ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ ஆக்கி, ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். நம்மூர் மன்றம்தான், கட்-அவுட், பாலாபிஷேகம் நீங்கலாக.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? ‘இவருடைய குருநாதர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஸ்பெல்லிங் வராது, ஃபைலில் அவர் தப்பாகப் போட்ட எழுத்துதான் ஓ.கே.’ என்று கிளப்பிவிட்டது. சுத்தப் புளுகு. ஆனால் பேசப் பேச வார்த்தை ஊரெங்கும் பரவியது. ரிசல்ட் வந்தது: 234-க்கு 60. வான் ப்யூரன் அவுட், ஓ.கே. நாட் அவுட்.

அப்புறம் ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். கிரேக்கம் என்றார்கள், பிஸ்கெட் கம்பெனி முத்திரை என்றார்கள். பழைய பத்திரிகைகளைத் தோண்டி கிரீனின் துணுக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவர, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீடு 1960-களில் வரவேண்டியிருந்தது.

அது தெரியாமல் போய்ச் சேர்ந்தவர் வுட்ரோ வில்சன். பிஹெச்.டி. வாங்கிய ஒரே அமெரிக்க அதிபர். மனுஷர் சும்மா விடுவாரா? இது சோக்டா என்ற பழங்குடி மக்களின் சொல் என்று நம்பி, ஓ, கே, ஈ, ஹெச் என நாலெழுத்தில் ‘திருத்தி’ ஃபைல்களில் போட்டார். அடித்த ஜோக்குக்கு ப்ரூஃப் பார்த்த புண்ணியவான்!

தமிழில் எழுதியிருந்தால் வம்பே இல்லை. கிரீன் எழுதினாலும் ஓகே, வில்சன் திருத்தினாலும் ஓகே.