பூட்டுன வீடும் பூண்டு மூட்டையும்

வா மாப்ள, உட்காரு. பென்ஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட கையோட மலை ஏறிட்டியாக்கும்? பதினஞ்சு வருஷமா பூம்பாறைக்கு வழி தெரியல. இப்ப இ-பாஸ் வேற எடுத்துட்டு வந்திருக்க. 2024 மே மாசத்துல கோர்ட்டு சொல்லி அதைக் கொண்டாந்தது சுற்றுலா வர்றவனுக்காக. பொறந்த ஊருக்கே பாஸ் எடுத்து வந்த மொத ஆளு நீதான், பெருமையா இருக்கு.

மதுரைக்குக் கலெக்டரா இருந்தாரே லெவிஞ்சு துரை, 1863-ல ஓடையை மறிச்சுக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்குனவரு, அவரும் வேலையை விட்டப்புறம் இங்கதான் வந்து குடியிருந்தாரு. அவரு ரிட்டயர்டாகி மலை ஏறுனாரு. நீ ரிட்டயர்டாகி மலையை வித்துட்டு இறங்கப் பாக்குற. தப்பில்ல, காலம் அப்படி.

விக்கப்போற வீட்டுத் தரைக்குப் பளபளன்னு டைல்ஸ் போட்டா வெலை ஏறும்னியாமே? போடு போடு. மார்கழி உறைபனியில வெறுங்காலோட அதுமேல ரெண்டு நிமிஷம் நின்னு காட்டு. வாங்க வந்தவன் செருப்பை மாட்டிக்கிட்டுக் காரைத் திருப்பிருவான். சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுன்னும் சொன்ன. உங்கப்பன் கல்லும் மண்ணுமா வச்சுக் கட்டுன சுவரு அது, மூச்சு விடணும். சிமெண்டை அப்புனா ஈரம் உள்ளயே தங்கி, பூச்சு பொரிஞ்ச அப்பளமாட்டம் எந்திரிச்சு நிக்கும்.

மொதல்ல ஏணியைப் போட்டுக் கூரை மேல ஏறு. உன் வயித்துக்கு ஏணி தாங்காதுன்னா ஆளை ஏத்து. தகரக் குழாய்ல தைலமரச் சருகு பத்து மழைக்காலத்துக்கு அடைஞ்சு கெடக்கு. அதை வாரிப் போட்டாலே பாதி ஈரம் போயிரும், செலவு ஒருநாள் கூலி. அப்புறம் வீட்டுக்குப் பின்னால மேட்டுத் தண்ணி வடியுற வாய்க்காலை வெட்டிவிடு. சன்னலைப் பத்துநாள் தெறந்து போடு. கடைசியாத்தான் சுண்ணாம்பு. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில அடிச்சா அடிச்சவன் எறங்குறதுக்குள்ள பாசி ஏறிக்கும். தை, மாசியில அடி. சித்திரையில சீசனுக்கு வர்ற மெட்ராஸ்காரன் கண்ணுக்கு அரமணையாத் தெரியும். வேலியையும் கட்டு. காட்டுமாடு திண்ணைக்கு வந்து எட்டிப் பாக்குறதை அவன் போட்டோ எடுப்பான், வெலை பேசமாட்டான்.

மாடி ஒண்ணு எடுத்து விக்கலாம்னு எவனோ சொன்னானா? 2019-ல கோர்ட்டு உத்தரவுல கொடைக்கானல்ல அனுமதி மீறுன கட்டடமாப் பாத்து வரிசையா சீல் வச்சது உனக்கு ஞாபகம் இல்லியா? கல்லு ஒண்ணு கூட வைக்காத. வாங்குறவன் தலையில அந்த வம்பு போகட்டும்.

கூரையை விடப் பெரிய ஓட்டை பத்திரப் பெட்டியில இருக்கு. பட்டா இன்னும் உங்கப்பன் பேர்ல. உயில் எழுதாமப் போயிட்டாரு மச்சான். தங்கச்சி கையெழுத்து எதுக்குன்னு கேக்குற. அப்பன் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு 1956-லயே சட்டம் வந்துருச்சு மாப்ள, தபால் உனக்கு இன்னும் வந்து சேரல போல. நீ பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட தபால்ல, லேட்டாத்தான் வரும். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது நாலையும் கையில வச்சுக்கிட்டு அப்புறம் புரோக்கர்கிட்ட வாயைத் தெற.

வித்த காசு பூராவும் உனக்கில்ல. லாபத்துல சர்க்காருக்குப் பங்கு உண்டு. பழைய வீடுங்கறதால 2001 ஏப்ரல் ஒண்ணாந்தேதி மதிப்பை அடக்க வெலையாக் காட்டலாம். வரி பன்னண்டரை சதவீதம், இல்லேன்னா விலைவாசியைக் கழிச்சு இருபது, எது கொறச்சலோ அதுன்னு ஆடிட்டரே சொல்லுவாரு. அந்தத் தேதியில இந்த வீட்டுக்கு ஓட்டையே இல்ல பாரு, மதிப்பு நல்லாவே வரும்! ஓட்டையாக்குனது அப்புறம் வந்த உன் பூட்டு.

உன் பங்குல முப்பது லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புல போட்டா, வட்டி 8.2-ன்னா மூணு மாசத்துக்கு 61,500. தங்கச்சி பங்கைக் கேக்குறதுக்கு முன்னாடி போட்ட கணக்கு இது இல்லியே?

என்ன, உத்தரத்தைத் தட்டிப் பாக்குற? செல்லு இல்ல, உளுப்பு இல்ல. ஏன்னு கேளு. வருஷா வருஷம் உன் பரண்ல பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு நான்தான் புகை போட்டேன். மலைப்பூண்டு புகையிலதான் கெடாம நிக்கும். கூடவே உன் மரமும் நின்னுச்சு. அதுக்கு வாடகை கேட்டியா, நான் காவக்கூலி கேட்டேனா?

சாவியா? இடுப்புலதான் இருக்கு, எங்க போயிரும். மேல நாப்பது மூட்டை இருக்கு. வெலை ஏறட்டும், எறக்கிட்டுத் தாரேன். அதுவரைக்கும் நீ தங்கச்சியைப் பாத்துட்டு வா.