உறைந்த வட்டம்: கல்முனைக் கரையோரப் பீட்சாவியலுக்கு ஒரு முன்னுரை

1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தக் கரையோரத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவதையும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவதையும் விரிவாக எழுதிவைத்தார். அந்த வீட்டுக் குசினியில் நிற்கும் பிரிட்ஜின் மேல்தட்டில், கோழி இறைச்சிக்கும் சமோசாப் பெட்டிக்கும் நடுவே ஓர் உறைந்த பீட்சாவுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி மட்டும் அறிவுலகத்தின் கண்ணில் படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க முனைகிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாமிக்கு. கேட்டு அழுவது பிள்ளைகள், வாங்கி வருவது மாப்பிள்ளை. ஆனால் வீட்டைப் போலவே ப்ரீசரும் பெண்வழிச் சொத்து. ஷஃபான் மாதம் பிறந்ததும் நோன்புக்கான ரோல்ஸும் கட்லட்டும் அங்கே அடுக்கடுக்காகக் குடியேறிவிடும். அந்த நேரத்தில் 12 அங்குல அட்டைப் பெட்டியோடு வரும் மருமகன், காணிக் கச்சேரிக்கு வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இடம் கிடைத்தாலும் படுக்கையாகக் கிடைக்காது. பெட்டியை ஓரமாகச் செருகி நிறுத்துவார்கள். இரவில் கரண்ட் போய் விடியற்காலை வந்தால், மேலே தூவிய கோழியும் சீஸும் ஒரு பக்கம் சரிந்து, மறுபடி உறைந்து, துல்லியமான பிறை வடிவம் பெற்றிருக்கும். இந்தப் பிறையைக் கண்டவர்கள் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்கு அறிவிக்கத் தேவையில்லை.

வரலாறு சுருக்கமானது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் புச்சி, உறைந்த பீட்சா செய்முறைக்கு 1950 இல் காப்புரிமை கேட்டு 1954 இல் பெற்றார். ஈரம் மாவில் இறங்கி அடி சொதசொதத்துப் போவதுதான் அவருடைய கவலை. 70 ஆண்டு கழிந்தும் நம்முடைய கவலையும் அதுவே. நோர்வேயில் 1980 இல் சந்தைக்கு வந்த கிராண்டியோசா என்ற உறைந்த பீட்சாவை அந்த நாட்டுத் தேசிய உணவு என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். 2002 இல் நமது போர்நிறுத்தத்துக்கு நடுவில் நின்றதும் அதே நோர்வேதான். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் முஸ்லிம்கள் தனித் தரப்பாக இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எதையும் உறைநிலையில் நெடுநாள் வைத்திருப்பதில் நோர்வேக்காரர் கைதேர்ந்தவர்கள் என்பதற்கு மேல் இவ்வாய்வாளர் இதில் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

இனி, தெரிவு. இக்கட்டுரையின் மையக் கருதுகோள் இதுதான்: கல்முனையில் ஒருவர் தெரிவு செய்ய வேண்டியது பீட்சாவை அல்ல, கடையின் ப்ரீசரை. பெட்டியில் உள்ள படம் ஆயிரம் சொல்லும். அதில் இழுபடும் சீஸ் எந்த வீட்டிலும் இழுபட்டதில்லை. கவனிக்க வேண்டியது உள்ளே உள்ள பனி. தொழிற்சாலையில் பீட்சாவை மிக வேகமாக உறையவைப்பார்கள். வேகமாக உறைந்தால் நீர் மிகச் சிறிய பளிங்குகளாகும், மாவுக்குச் சேதம் குறையும். லாப்ரடோரின் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைவதையும், அதை இனூயிட் மக்கள் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவதையும் பார்த்துத்தான் கிளாரன்ஸ் பேர்ட்ஸை இதைத் தொழிலாக்கினார். அப்படி உறைந்த பிறகு பீட்சா -18 பாகையிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை இளகி, கடை ப்ரீசரில் மெல்ல மெல்ல மறுபடி உறைந்தால் பளிங்குகள் பருத்து மாவின் வலையைக் கிழித்துவிடும். அந்தப் பீட்சா அடுப்பில் ஏறியதும் அழும்.

ஆகவே பெட்டியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். துருவிய சீஸ் உதிரியாகக் கிலுகிலுத்தால் நல்லது. ஒரே கட்டியாக இடித்தால் அது ஏற்கெனவே ஒரு மின்வெட்டைக் கண்ட பீட்சா. மின்வெட்டு என்றால் சின்ன விஷயமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்றார் அமைச்சர். பாணந்துறைக் குரங்குக்கும் கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதுப் பீட்சாவுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் நிறுவ முடியாது. நிறைந்த ப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. இருட்டில் ஆளுக்கொரு தடவை கதவைத் திறந்து “இன்னும் கட்டியாத்தான் இரிக்கா?” என்று தொட்டுப் பார்க்கும் நமது வழக்கத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

களத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே.

“காக்கா, கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுவீங்களா?”

“போடாம? ஐஸ்கிரீம் எல்லாம் தண்ணியாப் பெய்த்திருமே.”

ஐஸ்கிரீமை நேசிக்கும் கடைக்காரரிடம் பீட்சா வாங்கலாம்.

அடுத்தது பெட்டியின் பின்பக்கம். பாலைத் திரைத்துச் சீஸாக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம் என்பதால் நமது பெண்கள் அதைச் சட்டத்தரணி உறுதி வாசிக்கும் கவனத்தோடு வாசிக்கிறார்கள். 2013 இல் ஹலால் இலச்சினை பெரும் சர்ச்சையாகி, ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்குவதையே நிறுத்தியது. பிறகு அந்த வேலையைத் தனி நிறுவனம் ஒன்று ஏற்றது. பொடி எழுத்தை வாசிக்கும் பயிற்சி இவ்வூருக்கு அப்படியும் வந்தது. இடையில் ஓர் ஆதங்கம்: மொஸரெல்லா ஆதியில் எருமைப் பாலில் பிறந்தது. அம்பாறை மாவட்டத்து எருமைகள் பாலைக் கொடுத்தும் அது முட்டித் தயிராகி, பாணியோடு வட்டிலில் முடிகிறது. இத்தாலியில் பிறந்திருந்தால் அவற்றின் பெயர் பெட்டியில் வந்திருக்கும்.

சமையலில் மூன்று மரபுகள் உண்டு. வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களின் மரபு மைக்ரோவேவ். அது முதன்மையாக நீரைச் சூடாக்கும். ஈரம் இருக்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. மாவு பொன்னிறமாகி மணக்க ஏறத்தாழ 140 பாகை வேண்டும். 1912 இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் விவரித்த வினை அது. எனவே இம்மரபில் விளைவது சுட்ட பீட்சா அல்ல, சூடான பீட்சா.

இரண்டாவது, பேக்கரிப் போறணை மரபு. நேப்பிள்ஸ்காரர் 430 பாகைக்கு மேல் எரியும் விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சாவை எடுத்துவிடுவார்கள். அந்தக் கைவித்தையை 2017 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடைப் பீட்சா பெரும்பாலும் பாதி வெந்தே வருகிறது. எரியும் போறணையில் தள்ளினால் மேல் கரியும், நடு பனிக்கட்டியும். பாண் இறக்கி, சூடு தணிந்த பிறகு கொடுத்தால் பிழைக்கலாம்.

மூன்றாவதே இவ்வாய்வாளர் பரிந்துரைப்பது: ரொட்டி சுடும் கனத்த இரும்புத் தாச்சி. மேசை ஓவனை 220 பாகையில் வைத்து, தாச்சியைக் கவிழ்த்து உள்ளே வைத்து, குறைந்தது கால் மணித்தியாலம் காயவிடுங்கள். பீட்சாவை ப்ரீசரிலிருந்து நேரே எடுத்து அதன்மேல் வையுங்கள். இளகட்டும் என்று வெளியே வைப்பவர்கள் புச்சியின் காப்புரிமையை மீறுகிறார்கள். இரும்பின் சூடு அடியில் உடனே ஏறுவதால், மேலே உருகும் ஈரம் இறங்கும் முன்னே மாவு இறுகிவிடும். விளிம்பு பழுத்து, நடுவில் சீஸ் கொப்புளமிட்டால் எடுத்துவிடலாம். ஓவன் இல்லாதவர்கள் தாச்சியை அடுப்பில் நிமிர்த்தி வைத்து, இளம் தீயில் மூடிச் சுடலாம். மூடியில் சேரும் நீரை இடைக்கிடை துடைக்காவிட்டால் பலன் மைக்ரோவேவேதான்.

பங்கீடு தனி அத்தியாயம் கேட்கும். ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து பழகிய ஊரில், உலக வழக்கப்படி எட்டாக வெட்டினால் இரண்டு துண்டு உரிமையாளர் இன்றி மிஞ்சும். வாரிசுரிமைச் சட்டமான பராயிழில் ஆறில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு மௌத்துக்குப் பிறகுதான். ஆறாக வெட்டினால், வெட்டியவரின் துண்டு பெரிது என்று முறைப்பாடு வரும். தனியே பிரித்துக் கொடுப்பதில் இப்பிரதேசத்துக்கு அனுபவம் இல்லாமல் இல்லை: 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளிவந்தது, சில நாளிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. பீட்சாவை நிறுத்திவைக்க முடியாது. ஐந்து நிமிடம் பேச்சு நீண்டால் சீஸ் ரப்பராகிவிடும்.